உபுண்டு 22.04-இல் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 3.2: மூன்று நாளாகக் கம்பைல் செய்துகொண்டிருக்கிறேன், உதவுங்கள்

புதுநிரலன் | திங்கள், இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மாமாவின் எலெக்ட்ரிக்கல் கடைக்குப் பில் போட ஒரு சின்ன நிரல் எழுதுகிறேன், சி++ மொழியில். என் மடிக்கணினியில் உபுண்டு 22.04, கடையில் விண்டோஸ் 10. இரண்டிலும் ஓட வேண்டும் என்றுதான் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸை (ஜன்னல், பொத்தான் போன்றவற்றைத் தரும் சி++ நூலகம்) பிடித்தேன்.

ஏப்டி (உபுண்டுவின் பொதி நிறுவி) வழியாகப் போட்டதும் 3.0 வந்தது. முதல் ஜன்னல் வந்துவிட்டது, சந்தோஷம். பொத்தான்களுக்குப் படம் வைக்கப் போனபோதுதான் வினை. நான் பார்த்த எடுத்துக்காட்டு டபிள்யூஎக்ஸ்பிட்மேப்பண்டில் என்ற வகுப்பைப் பயன்படுத்துகிறது. "அப்படி ஒன்றே இல்லை" என்கிறது கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி). தேடிப் பார்த்தால் அது 3.2-இல்தான் இருக்கிறதாம்.

சரி, சோர்ஸ் (மூல நிரல்) எடுத்து நாமே கம்பைல் செய்வோம் என்று கிட்ஹப் பக்கத்தில் பச்சைப் பொத்தானை அழுத்தி ஜிப் இறக்கினேன். கான்ஃபிகர் (கணினியைச் சோதித்துக் கம்பைலுக்குத் தயார்செய்யும் ஸ்கிரிப்ட்) ஓட்டினால், பிசிஆர்ஈ என்ற நூலகத்துக்கு வேண்டிய கோப்பு காணோம், "கிட் சப்மாட்யூல் அப்டேட்" ஓட்டிப் பாருங்கள் என்றது. ஓட்டினேன். இது கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) களஞ்சியமே இல்லை என்றது! ஒருவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி, அவர் இவரைப் பார்க்கச் சொல்லும் தாலுகா ஆபீஸ் கதையாக இருக்கிறது.

(கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடித்தேன், அதைக் கேட்டுக் கிண்டல் செய்ய வேண்டாம்.)

பழையவிசைப்பலகை | செவ்வாய், காலை 6.15

தம்பி, அந்தப் பச்சைப் பொத்தான் பலரை ஏமாற்றியிருக்கிறது. டபிள்யூஎக்ஸ் தன் களஞ்சியத்துக்குள் வேறு சில நூலகங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது: எக்ஸ்பேட், ஜிலிப், பிஎன்ஜி, ஜேபெக், டிஃப், பிசிஆர்ஈ இப்படி. அவை துணைக் களஞ்சியங்கள். கிட்ஹப் தானாகக் கட்டித் தரும் ஜிப்பில் அவற்றின் அடைவுகள் வெறும் கூடாகத்தான் வரும். உள்ளே ஒன்றும் இருக்காது. ஜிப்பில் கிட் தடமே இல்லாததால் அப்டேட்டும் வேலை செய்யாது.

வெளியீடுகள் பக்கத்துக்குப் போங்கள். அங்கே "டார்.பிஇசட்2" என்று முடியும் கோப்பு ஒன்று தனியாக இருக்கும். திட்டக்காரர்களே கட்டி வைத்தது, எல்லாம் உள்ளேயே இருக்கும். 3.2 என்று தொடங்கும் எண்ணாகப் பாருங்கள். நடு எண் இரட்டைப்படை என்றால் நிலையான பதிப்பு, 3.1, 3.3 போன்றவை வளர்ச்சிப் பதிப்புகள். கடையில் ஓடப் போகிற நிரலுக்கு ஒற்றைப்படை வேண்டாம்.

அதற்கு முன்னால்:

சூடோ ஏப்ட் இன்ஸ்டால் பில்ட்-எசென்ஷியல் லிப்ஜிடிகே-3-டெவ்

அந்த "டெவ்" முக்கியம். ஜிடிகே (லினக்ஸில் ஜன்னல், பொத்தான் வரையும் நூலகம்) ஏற்கெனவே இருக்கிறதே, டெஸ்க்டாப்பே அதில்தானே ஓடுகிறது என்று நினைப்பீர்கள். ஓடுவதற்கு வேண்டிய பாதி இருக்கும், கம்பைல் செய்ய வேண்டிய தலைப்புக் கோப்புகள் (நூலகத்தில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை) டெவ் பொதியில்தான். அது இல்லாவிட்டால் கான்ஃபிகர் "ஜிடிகே+ வளர்ச்சிக் கோப்புகள் கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும்.

அப்புறம், சோர்ஸ் அடைவுக்குள்ளேயே கம்பைல் செய்யாதீர்கள். உள்ளே புதிதாக ஓர் அடைவு:

எம்கேடிர் பில்ட்ஜிடிகே
சிடி பில்ட்ஜிடிகே
../கான்ஃபிகர் --வித்-ஜிடிகே=3
மேக்

நாளை டீபக் (பிழை தேடுவதற்கான) வகை வேண்டும், விண்டோஸ் வகை வேண்டும் என்றால் பக்கத்தில் இன்னொரு அடைவு போட்டுக்கொள்ளலாம். ஒன்றோடொன்று முட்டாது. வேண்டாம் என்றால் அந்த அடைவை மட்டும் அழித்தால் போதும், சோர்ஸ் சுத்தமாக இருக்கும்.

கான்ஃபிகர் முடியும்போது கடைசியில் ஒரு சுருக்கம் காட்டும். எந்த ஜிடிகே, எந்தப் படநூலகங்கள், உள்ளிருப்பவையா கணினியில் இருப்பவையா என்று. எல்லோரும் அதை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பத்து வரியைப் படியுங்கள். பிறகு வரும் பாதிப் பிரச்சினைகள் அங்கேயே எழுதியிருக்கும்.

கடைசியாக ஒன்று. "மேக் இன்ஸ்டால்" செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புதுநிரலன் | செவ்வாய், இரவு 9.05

நன்றி அண்ணா. டார் கோப்பில் கான்ஃபிகர் தடங்கல் இல்லாமல் முடிந்தது. சுருக்கத்தையும் படித்தேன், ஜிடிகே 3 என்றே இருக்கிறது.

ஆனால் மேக் (கோப்புகளைக் கம்பைல் செய்விக்கும் கருவி) பாதியில் செத்துவிட்டது. வேகமாக முடியட்டும் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னபடி "மேக் -ஜே" போட்டேன். ஐந்து நிமிடத்தில் மவுஸ் நகரவில்லை, பாட்டு நின்றது, மின்விசிறி விமானம் மாதிரி கத்தியது. பிறகு "சிசி1பிளஸ் கொல்லப்பட்டது" என்று ஒரு வரி. என் சோர்ஸில் பிழையா? 4 ஜிபி ரேம்.

இரவுக்கோழி | செவ்வாய், இரவு 9.20

பிழை உங்கள் விரலில்தான் :)

"-ஜே"க்குப் பின்னால் எண் போடாவிட்டால் அளவே கிடையாது என்று அர்த்தம். எத்தனை கோப்பை ஒரே நேரத்தில் தொடங்க முடியுமோ அத்தனையையும் தொடங்கிவிடும். சி++ கம்பைலர் ஒன்று ஒரு கோப்புக்கே சில நூறு எம்பி விழுங்கும். நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் யாரையாவது கொன்றாக வேண்டும், அதிகம் தின்றவனைப் பிடித்தது. அவ்வளவுதான்.

மேக் -ஜே2

4 ஜிபிக்கு இது போதும். பிரௌசரை மூடிவிடுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டாம், முடிந்த கோப்புகளை மேக் மறுபடி தொடாது.

யாழ்நிரலி | செவ்வாய், இரவு 10.10

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பாடு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. டெபியன் 12-இல் 3.2 பொதியாகவே இருக்கிறது. உபுண்டு 24.04-இலும் இருக்கிறது. இயங்குதளத்தை மேம்படுத்தினால் ஒரே வரியில் முடிகிற வேலை.

இல்லையென்றால் க்யூடி (இதே வேலைக்கான இன்னொரு நூலகம்) எடுக்கலாமே? கட்டிய பைனரிகளை நிறுவியே தருகிறது, ஆவணங்களும் நன்று. நான் ஏழு வருடமாக அதில்தான் எழுதுகிறேன், கம்பைல் செய்தது ஒரே ஒரு தடவை. அதுவும் வெப்எஞ்சின் (வலைப்பக்கம் காட்டும் பகுதி) வேண்டியிருந்ததால். அதற்குள் குரோமியம் பிரௌசரே இருக்கிறது, இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டு விடிந்து எழும்பிய பிறகும் முடியவில்லை.

பழையவிசைப்பலகை | புதன், காலை 5.50

யாழ்நிரலி சொல்வது நியாயம். மேம்படுத்த முடிந்தால் மேம்படுத்துவதுதான் சுலபம். ஆனால் தம்பியிடம் இருப்பது ஒரே மடிக்கணினி, பரீட்சை நேரமோ என்னவோ, இயங்குதளத்தைக் கலைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவிர விண்டோஸுக்கு எப்படியும் ஒருமுறை கம்பைல் செய்தாக வேண்டியிருக்கும். இங்கேயே பழகிக்கொண்டால் அங்கே அழ வேண்டியதில்லை.

க்யூடியா டபிள்யூஎக்ஸா என்ற சண்டையை இங்கே தொடங்க எனக்கு ஆசையில்லை. ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன். க்யூடி பொத்தானைத் தானே வரைகிறது, அந்தந்த இயங்குதளத்துச் சாயலில். டபிள்யூஎக்ஸ் பெரும்பாலும் அந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தானையே வாங்கி வைக்கிறது: லினக்ஸில் ஜிடிகே, விண்டோஸில் வின்32, ஆப்பிள் மேக் கணினியில் கோகோவா. அதனால்தான் லினக்ஸில் கம்பைல் செய்ய ஜிடிகே டெவ் கேட்கிறது. உரிமமும் வேறு. டபிள்யூஎக்ஸின் உரிமம் எல்ஜிபிஎல்லோடு (ஒரு திறந்த மூல உரிமம்) ஒரு விலக்கு சேர்ந்தது. உங்கள் நிரலோடு நூலகத்தை ஒன்றாகக் கட்டி, மூலத்தைக் காட்டாமலே கொடுக்கலாம். க்யூடியின் இலவச வகையை அப்படி ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் எல்ஜிபிஎல் சில கடமைகளைத் தலையில் வைக்கும். மாமா கடைக்கு இரண்டும் ஒன்றுதான். நாளை நாலு கடைக்கு விற்றால் யோசிக்க வேண்டியது.

வின்டோஸ்வாசி | புதன், காலை 8.30

இந்தப் பெயரைத்தான் என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. டபிள்யூ எக்ஸ் விட்ஜெட்ஸ். யார் வைத்தது?

பழையவிசைப்பலகை | புதன், காலை 8.50

முதலில் அது டபிள்யூஎக்ஸ்விண்டோஸ். 1992-இல் எடின்பரா பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கியது. ஒரே நிரல் யூனிக்ஸின் எக்ஸ் என்ற ஜன்னல் அமைப்பிலும் மைக்ரோசாஃப்ட் விண்டோஸிலும் ஓட வேண்டும் என்பது தேவை. அதனால் விண்டோஸின் டபிள்யூ, எக்ஸின் எக்ஸ். பிறகு மைக்ரோசாஃப்ட் தன் வணிகப் பெயரைச் சுட்டிக் கேட்டுக்கொண்டதால் 2004-இல் "விட்ஜெட்ஸ்" ஆனது. ஆடாசிட்டி, ஃபைல்ஜில்லா, கைகேட், போஎடிட் எல்லாம் இதில் எழுதியவைதான். நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்தியிருப்பீர்கள், பெயர் தெரியாமலே.

புதுநிரலன் | புதன், இரவு 10.30

கம்பைல் முடிந்தது!! "-ஜே2" போட்டு முக்கால் மணி நேரம். ஒரு பிழைகூட இல்லை.

சந்தோஷத்தில் என் நிரலைக் கம்பைல் செய்தேன்:

ஜி++ `டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் --சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ் --லிப்ஸ்` பில்.சிபிபி -ஓ பில்

பதில்: டபிள்யூஎக்ஸ்பிட்மேப்பண்டில் என்று ஒன்று இல்லை.

அண்ணா, மூன்று நாள் முன்னால் எங்கே நின்றேனோ அங்கேயே நிற்கிறேன். செக்குமாடு மாதிரி.

இரவுக்கோழி | புதன், இரவு 10.38

டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் --வெர்ஷன்

இதை மட்டும் அடித்து என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

புதுநிரலன் | புதன், இரவு 10.41

3.0.5.

ஓ.

பழையவிசைப்பலகை | வியாழன், காலை 6.00

இதுதான் இந்த இழையின் வயிறு, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் என்பது மந்திரமில்லை, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். "தலைப்புக் கோப்புகள் இங்கே, நூலகங்கள் இங்கே, இந்த இந்தக் கொடிகளோடு கம்பைல் செய்" என்று ஒரு வரி அச்சிடும், அவ்வளவே. ஒவ்வொரு கம்பைலுக்கும் தனி ஸ்கிரிப்ட் உண்டு. ஏப்டியில் வந்த 3.0-க்கு ஒன்று, நீங்கள் கட்டிய 3.2-க்கு ஒன்று. பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் வழியில் முதலில் நிற்பவன் ஓடி வருவான். உங்களுக்கு வந்தவன் பழையவன்.

உங்கள் பில்ட்ஜிடிகே அடைவுக்குள் பாருங்கள், அங்கேயே ஒரு டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் உட்கார்ந்திருக்கும். நிறுவாமலே, இருந்த இடத்திலிருந்தே வேலை செய்யும். முழுப் பாதையோடு அவனைக் கூப்பிடுங்கள்.

மேக் இன்ஸ்டால் வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகத்தான். செய்தால் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற பொது அடைவுக்குள் போய் உட்காரும். அடுத்த மாதம் வேறு ஒரு நிரலைக் கம்பைல் செய்யும்போது, அது ஏப்டியின் 3.0-ஐ எதிர்பார்த்து நிற்க, லோக்கலில் இருப்பவன் முந்திக்கொள்வான். இரண்டு பதிப்புகளை ஒரே வீட்டில் குடிவைத்து யார் சமைத்தது என்று தேடும் வேலை. 2009 வாக்கில் இப்படி ஒரு வாரம் தொலைத்தேன். கடைசியில் தலைப்புக் கோப்பு ஒரு பதிப்பிலிருந்தும் நூலகம் இன்னொன்றிலிருந்தும் வந்திருந்தது.

அடுத்த பிழையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நாளை இரவு 10.30-க்கு வந்து அழாமல் இருக்க. உங்கள் கட்டளையில் "--லிப்ஸ்" உங்கள் கோப்புக்கு முன்னால் இருக்கிறது. லிங்க்கர் (கம்பைல் ஆன கோப்பையும் நூலகத்தையும் இணைக்கும் கருவி) இடமிருந்து வலமாகப் படிக்கும். நூலகத்தைப் பார்க்கும் நேரத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை என்றால் கழற்றிவிடும். பிறகு உங்கள் கோப்பு வந்து "டபிள்யூஎக்ஸ்ஃப்ரேம் எங்கே?" என்று கேட்கும்போது வண்டி போய்விட்டிருக்கும். இருநூறு வரிக்கு "வரையறுக்கப்படாத மேற்கோள்" என்று கொட்டும். ஆகவே இப்படி:

ஜி++ பில்.சிபிபி `~/டபிள்யூஎக்ஸ்/பில்ட்ஜிடிகே/டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் --சிஎக்ஸ்எக்ஸ்ஃபிளாக்ஸ் --லிப்ஸ்` -ஓ பில்

கோப்பு முதலில், நூலகம் கடைசியில்.

புதுநிரலன் | வியாழன், இரவு 8.15

கம்பைல் ஆகிவிட்டது! ஓட்டினால் "லிப்டபிள்யூஎக்ஸ்_ஜிடிகே3யூ_கோர்-3.2 என்ற பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை" என்கிறது. அதே அடைவில்தானே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

இரவுக்கோழி | வியாழன், இரவு 8.32

லிங்க்கருக்கு நீங்கள் இடத்தைக் காட்டினீர்கள். ஓடும்போது நூலகங்களைத் தேடுபவர் வேறு ஆள், அவருக்கு யாரும் சொல்லவில்லை. தற்காலிகமாக:

எக்ஸ்போர்ட் எல்டி_லைப்ரரி_பாத்=~/டபிள்யூஎக்ஸ்/பில்ட்ஜிடிகே/லிப்

நிரந்தரமாக வேண்டுமென்றால் இன்னோர் அடைவில் "--டிசேபிள்-ஷேர்ட்" போட்டுக் கான்ஃபிகர் செய்யுங்கள். டபிள்யூஎக்ஸ் முழுவதும் உங்கள் நிரலுக்குள்ளேயே போய்விடும். ஜிடிகே மட்டும் வெளியில் இருக்கும், அது எந்த உபுண்டு டெஸ்க்டாப்பிலும் இருக்கும் என்பதால் கவலையில்லை. கோப்பு சில எம்பி பெரிதாகும், பரவாயில்லை.

புதுநிரலன் | வியாழன், இரவு 11.55

ஜன்னல் வந்துவிட்டது. படத்தோடு பொத்தான். தலைப்பில் "ரசீது" என்று தமிழில். படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன், "கடையில் எப்போது போடுவாய்" என்று கேட்கிறார்.

இனி விண்டோஸ். கடைக் கணினியில் கம்பைலர் எதுவும் இல்லை. அங்கே என்ன செய்ய?

வின்டோஸ்வாசி | வெள்ளி, காலை 9.10

இது என் பேட்டை. விஷுவல் ஸ்டுடியோ இருந்தால் மிகச் சுலபம்: பில்ட் அடைவுக்குள் எம்எஸ்டபிள்யூ, அங்கே ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு சொல்யூஷன் கோப்பு இருக்கும். விஷுவல் ஸ்டுடியோ 2022 என்றால் விசி17. திறந்து, டீபக்கும் ரிலீஸும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மிங்டபிள்யூ (விண்டோஸுக்குக் கட்டும் ஜிசிசி கம்பைலர்) என்றால் அதே அடைவில்:

மிங்டபிள்யூ32-மேக் -எஃப் மேக்ஃபைல்.ஜிசிசி பில்ட்=ரிலீஸ் ஷேர்ட்=0

கவனிக்க வேண்டியது ஒன்று. பாதையில் இடைவெளி இருக்கவே கூடாது. "புரோகிராம் ஃபைல்ஸ்"க்குள் வைக்காதீர்கள், சி டிரைவின் வேரிலேயே ஒரு சின்னப் பெயரில் வையுங்கள்.

சும்மாபோறவன் | வெள்ளி, காலை 11.00

மிங்டபிள்யூவில் "டபிள்யூஎக்ஸ்/செட்டப்.எச் இல்லை" என்று வரும் பாருங்கள். பயப்பட வேண்டாம். இன்க்ளூட் அடைவில் எம்எஸ்டபிள்யூவுக்குள் ஒரு செட்டப்.எச் இருக்கும், அதைக் காப்பி செய்து ஒரு படி மேலே போட்டுவிடுங்கள். நான் எப்போதும் அப்படித்தான்.

வின்டோஸ்வாசி | வெள்ளி, காலை 11.25

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த யோசனையைப் பதினைந்து வருடமாக ஒவ்வோர் இடத்திலும் பார்க்கிறேன்.

செட்டப்.எச் என்பது அந்த நூலகத்தை எந்தெந்த வசதிகளோடு கட்டினீர்கள் என்ற பதிவு. கட்டும்போது மேக்ஃபைல் அதைக் காப்பி செய்து, கட்டிய நூலகத்துக்குப் பக்கத்திலேயே வைக்கிறது: லிப் அடைவில் ஜிசிசி_லிப், அதற்குள் எம்எஸ்டபிள்யூயூ. கடைசி யூ யூனிகோடு என்பதற்கு. டீபக் வகை என்றால் எம்எஸ்டபிள்யூயூடி. அந்த அடைவைக் கம்பைலருக்குக் காட்டினால் பிழை போய்விடும். கையால் ஒன்றை மேலே போட்டால் இன்றைக்கு ஓடும். நாளை ஏதோ ஒரு வசதியை அணைத்து மறுபடி கட்டும்போது, நூலகம் ஒரு மாதிரியும் உங்கள் நிரல் வேறு மாதிரியும் நம்பிக்கொண்டிருக்கும். பொருந்தாத இடத்தில் நிரல் விழும், காரணமே தெரியாது.

லினக்ஸிலும் இதே கதைதான், ஆனால் அங்கே டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் சரியான செட்டப்.எச்சைக் காட்டிவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை.

சும்மாபோறவன் | வெள்ளி, காலை 11.40

எனக்கு இதுவரை விழவில்லை.

வின்டோஸ்வாசி | வெள்ளி, காலை 11.44

ஹெல்மெட் போடாதவரும் இதையேதான் சொல்வார் :)

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திட்டத்தின் தளத்தில் விண்டோஸுக்குக் கட்டிய பைனரிகளே கிடைக்கும். ஆனால் எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில் கட்டியதோ அதே வேண்டும். நான் ஒருமுறை வேறு ஜிசிசியோடு சேர்த்தேன். நன்றாக லிங்க் ஆனது. தொடங்கியதும் ஒரு பெட்டி: நிரலும் நூலகமும் கட்டிய விதம் பொருந்தவில்லை, நூலகத்தின் ஏபிஐ (கம்பைல் ஆன பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும் முறை) எண் 1002, உங்களுடையது 1008 என்று. அந்தப் பெட்டி வந்தால் திட்டாதீர்கள், நல்ல வேளை சொன்னான் என்று நினைத்து, உங்கள் கம்பைலரிலேயே நூலகத்தை மறுபடி கட்டுங்கள்.

பழையவிசைப்பலகை | வெள்ளி, மாலை 5.30

தம்பி, கடைக் கணினியில் கம்பைலர் போட வேண்டாம். உங்கள் உபுண்டுவிலிருந்தே விண்டோஸுக்குக் கட்டலாம். ஜி++-மிங்டபிள்யூ-டபிள்யூ64-எக்ஸ்86-64 என்ற பொதியைப் போடுங்கள். அதே சோர்ஸில் மூன்றாவதாக ஓர் அடைவு:

எம்கேடிர் பில்ட்வின்
சிடி பில்ட்வின்
../கான்ஃபிகர் --ஹோஸ்ட்=எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32 --டிசேபிள்-ஷேர்ட்
மேக் -ஜே2

இங்கேயும் ஒரு டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக் பிறக்கும், விண்டோஸுக்கான கொடிகளைச் சொல்வான். ஜி++-க்குப் பதில் மிங்டபிள்யூவின் ஜி++-ஐ அழைத்து, "-ஸ்டேட்டிக்" சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்தால் கடைக் கணினியில் லிப்எஸ்டிடிசி++ டிஎல்எல் (விண்டோஸின் பகிர்வு நூலகக் கோப்பு) காணோம் என்று நிற்கும்.

புதுநிரலன் | சனி, இரவு 9.40

கட்டினேன். பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். ஒரே ஒரு எக்ஸிஈ கோப்பு, இரட்டைச் சொடுக்கு, ஜன்னல் திறந்தது. நிறுவல் ஒன்றும் இல்லை. உபுண்டுவில் கட்டியது விண்டோஸில் ஓடுவதைப் பார்க்கப் பொய் மாதிரி இருந்தது.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, தமிழ் எழுத்து எதுவுமே இல்லை. கட்டங்கட்டமாகக்கூட வரவில்லை, வெறுமை. தலைப்பும் காலி, பொத்தான்களும் காலி. ஆங்கிலத்தில் எழுதியவை மட்டும் தெரிகின்றன. இரண்டு, பொத்தான்கள் விண்டோஸ் 98 காலத்துச் சாம்பல் நிறத்தில் இருக்கின்றன. மாமா "பழைய கம்ப்யூட்டர் ஞாபகம் வருது" என்றார். பாராட்டா என்று தெரியவில்லை.

யாழ்நிரலி | சனி, இரவு 10.05

எழுத்துரு இல்லையோ? விண்டோஸ் 10-இல் நிர்மலா இருக்க வேண்டுமே.

பழையவிசைப்பலகை | ஞாயிறு, காலை 6.20

எழுத்துரு இல்லையென்றால் கட்டம் வரும். வெறுமை வந்தால் சரமே (எழுத்துத் தொடரே) வழியில் தொலைந்துவிட்டது என்று பொருள். தமிழில் எழுதுகிற எல்லோரும் ஒருமுறை இடறும் கல் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் நிரலில் வெறும் மேற்கோள் குறிக்குள் "ரசீது" என்று எழுதியிருப்பீர்கள். கோப்பு யுடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் முறை) இருப்பதால் அது வெறும் பைட்டுகளின் வரிசை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். இதை டபிள்யூஎக்ஸ்ஸ்ட்ரிங் ஆக மாற்றும்போது, "இந்தக் கணினியின் நடப்புக் குறியாக்கம் எதுவோ அதில் இருக்கிறது" என்று டபிள்யூஎக்ஸ் எடுத்துக்கொள்ளும். உபுண்டுவில் நடப்புக் குறியாக்கம் யுடிஎஃப்-8, அதனால் தற்செயலாகச் சரியாக வந்தது. விண்டோஸில் அது பழைய கோட் பேஜ் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் அட்டவணை). தமிழுக்கு என்று விண்டோஸில் நடப்புக் குறியாக்கமாக வைக்கும்படி ஒரு கோட் பேஜ் இருந்ததே இல்லை. மாற்ற முடியாத சரத்தை டபிள்யூஎக்ஸ் காலியாகக் கொடுத்துவிடும், சத்தமே போடாது. ஆங்கில எழுத்துகள் எல்லாக் குறியாக்கத்திலும் ஒன்று என்பதால் தப்பித்தன.

ஆகவே தமிழ் வரும் இடமெல்லாம்:

டபிள்யூஎக்ஸ்ஸ்ட்ரிங்::ஃப்ரம்யுடிஎஃப்8("ரசீது")

என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோப்பிலிருந்து படிக்கும்போதும் இப்படியே. இல்லையென்றால் வாடிக்கையாளர் பெயர்கள் காலியாகச் சேமிக்கப்பட்டு, மாதக் கடைசியில்தான் தெரியும். பில் நிரலில் அது விளையாட்டில்லை.

லோகேல் அடைவில் தமிழுக்கும் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பு இருக்கிறது, நூலகத்தின் சொந்த வாசகங்களுக்கு. முதலில் உங்கள் வாசகங்கள் வரட்டும், அதைப் பிறகு பார்க்கலாம்.

வின்டோஸ்வாசி | ஞாயிறு, காலை 9.00

சாம்பல் பொத்தானுக்கு நான். விண்டோஸில் புதிய தோற்றமுள்ள பொத்தான்கள் வேண்டுமென்றால் எக்ஸிஈக்குள் ஒரு மேனிஃபெஸ்ட் (நிரலுக்கு என்ன வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பொத்தான்களையே கொடுத்துவிடும். டபிள்யூஎக்ஸ் அதைத் தயாராக வைத்திருக்கிறது. பில்.ஆர்சி என்று ஒரு கோப்பு போட்டு, அதில் ஒரே வரி:

#இன்க்ளூட் "டபிள்யூஎக்ஸ்/எம்எஸ்டபிள்யூ/டபிள்யூஎக்ஸ்.ஆர்சி"

இதை மிங்டபிள்யூவின் விண்ட்ரெஸ் என்ற கருவி வழியாக ஆப்ஜெக்ட் கோப்பாக்கி, கடைசி லிங்க்கில் சேர்க்க வேண்டும். விண்ட்ரெஸுக்கு என்ன கொடிகள் வேண்டும் என்று பில்ட்வின் அடைவில் இருக்கும் டபிள்யூஎக்ஸ்-கான்ஃபிக்கையே "--ரெஸ்காம்ப்" என்று கேளுங்கள், சொல்வான்.

கடையில் உயர்தெளிவுத் திரை என்றால் அதே ஆர்சி கோப்பில் அந்த வரிக்கு மேலே டபிள்யூஎக்ஸ்யூஸ்_டிபிஐ_அவேர்_மேனிஃபெஸ்ட் 2 என்று ஒரு டிஃபைனும் போடுங்கள். எழுத்து மங்கலாகத் தெரியாது. நீங்கள் ஆசைப்பட்ட பிட்மேப்பண்டிலுக்கும் அப்போதுதான் உண்மையான வேலை.

புதுநிரலன் | திங்கள், இரவு 10.20

இரண்டும் சரியாகிவிட்டன. ஃப்ரம்யுடிஎஃப்8 என்று நாற்பத்தொரு இடத்தில் மாற்றினேன், எண்ணினேன். பொத்தான்கள் இப்போது விண்டோஸ் 10 போலவே இருக்கின்றன.

இன்று காலை முதல் பில் போட்டார் மாமா. இரண்டு சுவிட்சு, ஒரு சுருள் வயர். பிரிண்ட் கேட்டார், அதை நான் இன்னும் எழுதவே இல்லை. பேனாவால் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

டபிள்யூஎக்ஸ்பிரிண்டவுட் பற்றி யாராவது தனியாக ஓர் இழை தொடங்கியிருக்கிறீர்களா?

இரவுக்கோழி | திங்கள், இரவு 10.26

தொடங்குங்கள், வருகிறேன். முதலில் கடையில் இருப்பது தெர்மல் பிரிண்டரா ஏ4-ஆ என்று கேட்டுவிட்டு வாருங்கள்.